170-ஆம் பிளாக்கில் சதோஷி வாங்கிய மீதிச் சில்லறை

பிட்காயினில் அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் பலரும் உள்ளே வருகிறார்கள். தெரியாதது பெயர் மட்டும்தான். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எப்போது, எவ்வளவு போனது என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது. போன் இருந்தால் போதும், பத்து நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் பிட்காயின் பரிவர்த்தனைகளைக் காட்டும் மெம்பூல் டாட் ஸ்பேஸ் தளத்தைத் திறந்து, தேடும் இடத்தில் 170 என்று தட்டுங்கள். 2009 ஜனவரி 12 அன்று உருவான பிளாக் வரும், பிளாக் என்றால் பரிவர்த்தனைகளின் பொதுப் பதிவேட்டில் ஒரு பக்கம் மாதிரி. உள்ளே இரண்டே பரிவர்த்தனைகள். முதலாவது மைனருக்கு, அதாவது அந்த பிளாக்கை உருவாக்கியவருக்கு, புதிதாகக் கிடைத்த 50 பிட்காயின், அதை விடுங்கள். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது: பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ, ஹால் ஃபின்னி என்ற புரோகிராமருக்கு அனுப்பிய 10 பிட்காயின்.

இடப்பக்கம் 50 இருக்கும், வலப்பக்கம் 10, 40 என்று இரண்டு வரி இருக்கும். பத்து ரூபாய் டீக்கு ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டுகிற கதைதான், நோட்டைக் கிழித்துக் கொடுக்க முடியாது, முழுசாகக் கொடுத்து மீதியை வாங்க வேண்டும். இப்போது 40-க்கு நேரே உள்ள நீளமான சாவியையும் (அன்று முகவரியின் இடத்தில் இருந்த நீண்ட எழுத்து-எண் வரிசை) இடப்பக்கச் சாவியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் 0411 என்றுதான் தொடங்கும், அதாவது மீதி கொடுத்தவரிடமே திரும்பிவிட்டது. யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று யாரும் சொல்லாமலே நமக்குப் புரிந்துவிட்டது, பாருங்கள்.

இப்போதைய வாலட்கள், அதாவது பிட்காயினை வாங்கவும் அனுப்பவும் உதவும் செயலிகள், மீதியைப் புது முகவரிக்கு அனுப்புகின்றன. ஆனாலும் ஒரு வரி முழு எண்ணாகவும் இன்னொன்று நீண்ட தசமமாகவும் இருந்தால் எது சில்லறை என்று ஊகிப்பது கஷ்டமில்லை. இடப்பக்கம் பல முகவரிகள் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் எல்லாம் ஒரே ஆளுடையவை.

அடுத்து, எக்ஸ்சேஞ்சிலிருந்து (பணம் கொடுத்து பிட்காயின் வாங்கி விற்கும் தளம்) நீங்கள் வெளியே எடுத்த ஒரு பரிவர்த்தனையை இதே மாதிரி திறந்து பாருங்கள். பான், ஆதார் எல்லாம் எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது, ஆகவே அந்த ஒரு முகவரிக்கு உங்கள் பெயர் ஒட்டிவிட்டது, அங்கிருந்து நூல் பிடித்துக்கொண்டே போகலாம். பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் 2016-இல் திருடுபோன 1,19,756 பிட்காயினில் 94,000-க்கு மேல் 2022-இல் அமெரிக்க அரசு கைப்பற்றியது இப்படிப் பின்தொடர்ந்துதான்.

சரி, என்ன செய்யலாம்? ஒவ்வொரு முறை யாரிடமிருந்தாவது பிட்காயின் பெறும்போதும் வாலட்டில் புது முகவரி எடுங்கள். நான் ஒரே முகவரியை வருஷக்கணக்கில் எல்லோருக்கும் கொடுத்துவந்தேன், ஒருநாள் நண்பர் ஒருவர் "நேற்று நல்ல வரவு போல" என்று சிரித்தபோதுதான் உறைத்தது. ஸ்பாரோ போன்ற வாலட்டில் எந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று குறித்து வைக்கலாம், எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்ததையும் மற்றதையும் ஒரே பரிவர்த்தனையில் கலக்காமல் செலவழிக்கலாம்.

அப்புறம் ஒன்று, சொந்த முகவரியை இந்த மாதிரித் தளங்களில் அடிக்கடி தட்டிப் பார்க்காதீர்கள். எந்த ஐபியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) யார் எந்த முகவரியைத் தேடுகிறார்கள் என்பது அந்தத் தளத்துக்குத் தெரியும்.