பீடியை விடுவதற்கான மருந்து ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டால்: கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

குலசேகரத்தில் நான் மெடிக்கல் ஷாப் வைத்து 19 வருஷம் ஆகிறது. காலை பத்து மணிக்கு மேல் ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து வருகிறவர்கள் கடை முன்னால் நிற்பார்கள். சட்டையில் ரப்பர் பால் காய்ந்து கறுத்திருக்கும், பாக்கெட்டில் பீடிக்கட்டு தெரியும். கேட்பது இருமலுக்கு மருந்து. கொஞ்ச நாளாக இன்னொன்றும் கேட்கிறார்கள். போனை நீட்டி, "இந்த மாத்திரை வந்திட்டா மக்ளே?" என்று. பீடி, சிகரெட்டை மறக்க வைக்கும் புது மருந்து என்று ஏதோ ஒரு வாட்ஸப் செய்தி.

என் அப்பாவும் பால்வெட்டுக்காரர்தான். விடியக்காலம் மூன்று மணிக்குத் தலைவிளக்கைக் கட்டும் முன்னால் ஒரு பீடி, நூறு மரம் வெட்டியதும் ஒன்று. நுரையீரல் கெட்டு, கட்டிலில் படுக்கவும் முடியாமல் உட்கார்ந்தே தூங்கிய அவருடைய கடைசி இரண்டு வருஷமும் நான் பக்கத்தில் இருந்தேன். அதனால் விட வேண்டும் என்று யார் வாய் திறந்தாலும் கடையை அப்படியே போட்டுவிட்டு அவரோடு பேச உட்கார்ந்துவிடுவேன்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி ஆராய்ச்சி ஒன்றில் சேர்ந்தார். ஒவ்வொரு தடவையும் நான்தான் கூடப் போனேன். அதில் தெரிந்துகொண்டதையும், மருந்துக்காரியாக எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

செய்தியைப் படிக்கும்போது

"மூன்று மடங்கு பலன்" என்று போட்டிருந்தால், எதைவிட மூன்று மடங்கு என்று பாருங்கள். சைட்டிசின் என்று ஒரு மருந்து உண்டு. பூக்கும் மரம் ஒன்றின் விதையில் இருப்பது. பல்கேரியாவில் 1960-களிலிருந்தே மாத்திரையாக விற்கிறார்கள். போலந்தின் வார்சாவில் 740 பேரிடம் அதைச் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்கப் புகைக்காமல் இருந்தவர்கள், மருந்து சாப்பிட்டவர்களில் 8.4 சதவீதம், மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.4 சதவீதம். மூன்று மடங்குக்கும் மேல் என்பது உண்மைதான். ஆனால் மருந்து சாப்பிட்ட நூறு பேரில் தொண்ணூற்றுச் சொச்சம் பேரால் முடியவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அதே மருந்தை அளவு மாற்றி, 12 வாரம் கொடுத்து அமெரிக்காவில் 810 பேரிடம் சோதித்தது 2023-ல் வந்தது. கடைசி நான்கு வாரமும் புகைக்காமல் இருந்தவர்கள் மருந்துக் கூட்டத்தில் 32.6 சதவீதம், மற்றக் கூட்டத்தில் 7 சதவீதம். நல்ல செய்தி. ஆனால் 24-வது வாரம் வரை தாக்குப்பிடித்தவர்கள் 21.1 சதவீதம்தான். அவர்கள் எல்லாரும் சிகரெட் குடித்தவர்கள், நம் ஊர் பீடிக்காரர்கள் இல்லை. ஆகவே ஒரு செய்தி வந்தால் நான் தேடுவது மூன்று விஷயம்: எத்தனை பேர், எத்தனை மாதம் கழித்துக் கேட்டார்கள், அவர்கள் குடித்தது என்ன.

நம்மைப் போன்றவர்களிடம் செய்த ஆராய்ச்சியும் உண்டு. பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் புகைக்கும் பழக்கமுள்ள காசநோயாளிகள் 2,472 பேரிடம் இதே சைட்டிசினைச் சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் விட்டவர்கள் மருந்துக் கூட்டத்தில் 32.4 சதவீதம், மருந்தில்லாத கூட்டத்தில் 29.7. மருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு கூட்டத்துக்கும் உட்கார வைத்துப் பேசி, ஆலோசனை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையைத் தேடி வருகிறவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்: அந்தப் பேச்சை லேசாக நினைக்காதீர்கள்.

கொடைக்கானல் காளானைப் பற்றியும் செய்தி வருகிறது. அந்த மாதிரிக் காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற போதைப்பொருளைக் கொடுத்து அமெரிக்காவில் செய்த முதல் சோதனையில் இருந்தவர்கள் 15 பேர். 12 பேர் ஆறு மாதத்தில் விட்டிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமே கிடையாது. கூடவே பல வாரம் ஆலோசகர்கள் இருந்தார்கள். இங்கே அது சட்டப்படி குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கே தேடுவது

இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்ய சி.டி.ஆர்.ஐ. என்று ஒரு அரசுப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது. போனிலேயே பார்க்கலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். தேடும் இடத்தில் ஸ்மோக்கிங் என்றோ, வெற்றிலைப் புகையிலை என்றால் ஸ்மோக்லெஸ் டொபாக்கோ என்றோ ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பத்து நிமிஷ வேலை. எந்த ஊர், யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், இன்னும் ஆள் எடுக்கிறார்களா, யாரிடம் விசாரிப்பது, எல்லாம் அதில் இருக்கும். சித்தா, ஆயுர்வேத, யோகா ஆராய்ச்சிகளும் அங்கே பதிவாகின்றன. பதிவு எண் கேட்டு, கொடுக்காமல் மழுப்பினால் அது ஆராய்ச்சியே இல்லை என்று வையுங்கள்.

பீடிக்கென்று எடுக்கும் ஆராய்ச்சியில் வாயில் பொயலை (புகையிலை) போடுகிறவர்களைச் சேர்க்காமல் இருக்கலாம். வலிப்பு வந்தவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரை மருந்தைப் பொறுத்து ஒதுக்குவார்கள். தள்ளிவிட்டார்களே என்று வருத்தப்பட வேண்டாம், அது உங்கள் நல்லதுக்கு. இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக நோயை மறைக்கவே கூடாது. சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டு போங்கள், நாட்டு மருந்து உட்பட.

படிவம்

இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் நாளே சித்தப்பாவிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். முழுக்க மலையாளம். சித்தப்பாவுக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், எழுத்து தெரியாது. "வாசித்துச் சொல்கிறோம், புரியும்தானே" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2019-ல் வந்த மருந்துச் சோதனை விதிகள்படி, சேருகிறவருக்குப் புரியும் மொழியில் விவரம் கொடுத்தாக வேண்டும். தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பையும் நெறிமுறைக் குழு (ஆராய்ச்சியில் சேருகிறவர்களின் நலனைக் கவனிக்கும் குழு) பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதால் இரண்டு வாரம் ஆனது. காத்திருந்தோம். யாரும் கோபப்படவில்லை. கேட்டால் கிடைக்கும்.

தமிழ்ப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அன்று இரவு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டு முடித்து, திண்ணையில் விளக்கைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தேன். ஒரு இடத்தில் வாரிசுதாரர் பெயர் என்று கேட்டிருந்தது.

"என்ன மக்ளே, நான் சாவப்போறேன்னு இப்பமே எழுதி வாங்குதாவளா?"

"இல்ல சித்தப்பா. ஆராய்ச்சியால ஒங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இழப்பீடு யாருக்குப் போவணும்னு கேக்குதாவ. எல்லாப் படிவத்துலயும் இருக்கும்."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு சித்தியின் பெயரை எழுதினார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த சித்தி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் வாசிக்கும்போது இதையெல்லாம் தேடுங்கள். மருந்தால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை உண்டு, இழப்பீடு உண்டு என்ற வரி இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது என்று இருக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் கூப்பிட ஒரு நம்பர், ஆராய்ச்சி நடத்துகிறவர்மேலேயே புகார் என்றால் நெறிமுறைக் குழுவின் நம்பர், இரண்டும் வேண்டும். மருந்துக்கோ, ஆராய்ச்சிக்காகச் செய்யும் பரிசோதனைக்கோ உங்களிடம் பைசா கேட்கக் கூடாது. பஸ், ரயில் செலவு தருவார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள், ஒரு நாள் வெட்டுக்கூலி போகிறதல்லவா. கையெழுத்துப் போட்டதும் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும்.

மருந்தில்லாத மாத்திரை விஷயத்தில்தான் சித்தப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. சேருகிறவர்களைக் கூட்டமாகப் பிரிப்பார்கள். யார் எந்தக் கூட்டம் என்பது குலுக்கல் மாதிரி. டாக்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. "வெறும் மாவு மாத்திரைக்காவா நான் திருவனந்தபுரம் போவணும்?" என்றார். நியாயமான கேள்வி. அதை அப்படியே டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். ஏற்கெனவே வேலை செய்கிற மருந்துகள் இருக்கும்போது, புது மருந்தை ஏன் அதோடு ஒப்பிடாமல் வெறும் மாத்திரையோடு ஒப்பிடுகிறீர்கள்? முடிந்த பிறகு எங்களுக்கு என்ன தருவீர்கள்? இரண்டு கூட்டத்துக்கும் ஆலோசனை உண்டு, முடிந்ததும் வழக்கமான மருந்து எழுதித் தருவோம் என்று பதில் வந்தது. அது படிவத்திலும் இருந்தது. வாயால் சொல்வதை விட்டுவிட்டு, எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேர்ந்த பிறகு

ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன மெஷினில் ஊதச் சொல்வார்கள். மூச்சை இழுத்து, 15 விநாடி அடக்கி, மெதுவாக ஊத வேண்டும். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று எண் காட்டும். பீடி குடித்தால் ஏறும், விட்டால் ஒரு நாளிலேயே இறங்கிவிடும்.

மூன்றாவது தடவை சித்தப்பா ஊதினார், எண் 11 காட்டியது. இரண்டு வாரமாக ஒரு பீடி தொடவில்லை மனுஷன். அங்கே இருந்த பெண் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டாள். சித்தப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "பொய் சொல்லுதேன்னு நெனச்சிட்டாவ" என்று வராந்தாவில் வந்து நின்றுகொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று காலை ஸ்மோக் ஹவுஸில் விறகு போட்டு ரப்பர் ஷீட்டுக்குப் புகை ஏற்றிவிட்டு, அந்தக் கையோடு கிளம்பி வந்திருந்தார். விறகுப் புகையிலும் அதே கார்பன் மோனாக்சைடுதான். திரும்ப உள்ளே போய்ச் சொன்னோம். அவர்கள் அதையும் எழுதிக்கொண்டு, புகை வேலை இல்லாத இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அன்று எண் 3.

எனவே ஸ்மோக் ஹவுஸ் வேலை, விறகடுப்பு, செங்கல் சூளை என்று எது இருந்தாலும் முதல் நாளே சொல்லுங்கள். பொயலை போடுகிறவர்களுக்கு இந்த மெஷின் உதவாது, எச்சிலிலோ சிறுநீரிலோ கோட்டினின் பார்ப்பார்கள், நிகோட்டின் உடம்பில் மாறி உண்டாகும் பொருள் அது. நிகோட்டின் கம் மெல்லுகிறவர்களுக்கு அதிலும் காட்டும். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு நாள், பக்கத்துச் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்த சித்தப்பா மூன்று பீடி குடித்துவிட்டார். அந்த வாரம் போக மாட்டேன் என்றார். வெட்கம். இந்த ஒன்றுக்காகத்தான் நான் இத்தனையும் எழுதுகிறேன்: குடித்திருந்தாலும் போங்கள். இந்த மாதிரி ஆராய்ச்சிகளில் வராமல் போனவரைப் பொதுவாகக் குடித்தவர் கணக்கில்தான் சேர்ப்பார்கள். போகாமல் இருந்து எதையும் மறைக்க முடியாது. குடிக்காதவர் மட்டும் போய்க்கொண்டிருந்தால் அந்த மருந்து உண்மையில் எத்தனை பேருக்கு வேலை செய்யவில்லை என்பது யாருக்கும் தெரியாது. நாளைக்கு அதை விலை கொடுத்து வாங்குவது நம் பிள்ளைகள். சித்தப்பா போனார், மூன்று என்று சொன்னார். யாரும் திட்டவில்லை. எந்த நேரம், யார் கொடுத்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

பீடியை விட்டதும் டீயின் வேகம் கூடும். பீடிப் புகையில் இருக்கும் பொருட்கள் ஈரலை வேகமாக ஓட்டும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, டீயில் இருக்கும் அதே அளவு கஃபீன் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். தூக்கம் வராது, கை நடுங்கும், பீடி இல்லாததால்தான் என்று நினைத்துத் திரும்பவும் பற்ற வைப்பார்கள். டீயைப் பாதியாகக் குறையுங்கள். மூச்சுத் திணறலுக்குத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விடப்போகும் தேதியை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.

ஆராய்ச்சி எதுவும் கிடைக்காவிட்டால்

காத்திருக்க வேண்டாம். வேரனிக்லின், புப்ரோபியான் இரண்டும் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கும் பழைய, சோதித்த மருந்துகள். வேரனிக்லினை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வெட்டுக்குப் போனால் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். நிகோட்டின் கம் 2 மில்லிகிராம் சீட்டு இல்லாமலே தருவோம். ஆனால் பலபேர் அதைச் சூயிங்கம் மாதிரி சவைத்து, கூடவே கட்டன் சாயாவும் குடித்துவிட்டு, "ஒண்ணும் கேக்கல" என்று திரும்ப வருகிறார்கள். காரம் ஏறும் வரை மெல்ல வேண்டும், பிறகு கன்னத்தோரம் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி கூடாது. வாய்க்குள் நிகோட்டின் இறங்காது.

பேச ஆள் வேண்டுமென்றால் 1800-11-2356. தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண், காசு பிடிக்காது. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருப்பார்கள்.

சித்தப்பா விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அவருக்குக் கிடைத்தது மருந்தா, மாவா என்று இன்னும் சொல்லவில்லை. முடிவு வந்ததும் சொல்வதாகப் படிவத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தை மடித்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார்.

உங்களிடம் யாராவது படிவம் கொடுத்திருந்தால் மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்குக் கொண்டு வாருங்கள், கூட்டம் இருக்காது. ஸ்டூல் போட்டுத் தருகிறேன், சேர்ந்து வாசிப்போம். கண்ணாடியை மறக்க வேண்டாம், எழுத்து பொடிசாக இருக்கும்.