செவ்விந்தியர், எஸ்கிமோ என்று எழுதுவதற்கு முன்னால்

பள்ளிக்கூடத்தில் 'செவ்விந்தியர்', 'எஸ்கிமோ' என்று படித்து வளர்ந்தவர்கள்தான் நம்மில் பாதிப்பேர், அதனால் எழுத உட்கார்ந்தால் கை தானாக அங்கேதான் போகும். முதலில் அந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். முன்னது, இந்தியப் பக்கம் வந்து சேர்ந்துவிட்டோம் என்று கொலம்பஸ் நினைத்துக்கொண்ட தவறோடு தோல் நிறத்தையும் சேர்த்து ஒட்டவைத்த பெயர். பின்னதற்கு 'பச்சை இறைச்சி தின்பவர்' என்று பொருள் சொல்வார்கள், மொழியியல் அறிஞர்கள் பலர் அதை ஏற்பதில்லை. பொருள் எதுவாக இருந்தால் என்ன, கனடாவிலும் கிரீன்லாந்திலும் அந்த மக்களே அந்தப் பெயர் வேண்டாம் என்கிறார்கள், அது போதும்.

சரி, பதிலுக்கு என்ன எழுதுவது? எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: நீங்கள் பேசுவது ஒரு குறிப்பிட்ட மக்களைப் பற்றியா, எல்லாரையும் சேர்த்தா? ஒரு மக்களைப் பற்றி என்றால் அவர்கள் பெயரையே எழுதுங்கள்: கிரீ, மோஹாக், லக்கோட்டா, ஹைடா. 'பூர்வகுடி ஓவியர்' என்பதைவிட 'ஹைடா ஓவியர்' என்பது மரியாதை மட்டுமல்ல, தகவலும் கூட. பொதுச்சொல்லை உண்மையிலேயே பொதுவாகப் பேசும்போது மட்டும் எடுங்கள். அதற்கு எனக்குப் பிடித்தது 'பூர்வகுடிகள்'. 'பழங்குடி' தவறில்லை, ஆனால் பழமையில் உறைந்துபோனவர்கள் என்ற வாடை அதில் கொஞ்சம் அடிக்கிறது. 'ஆதிவாசி' இந்தியாவில் பலர் தங்களுக்குத் தாங்களே உரிமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர், அதைக் கொண்டுபோய்க் கனடாக்காரர் மேல் ஒட்டாதீர்கள்.

கனடா என்றால் கொஞ்சம் நிதானம் தேவை. அங்கே 1982 அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு மூன்று தரப்பைச் சொல்கிறது: இந்தியர், இனுயிட் (முன்பு எஸ்கிமோ எனப்பட்டவர்களில் ஒரு தரப்பு), மேட்டி. இதில் 'இந்தியர்' என்ற இடத்தில் இன்று பேச்சிலும் எழுத்திலும் 'ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்' வந்துவிட்டது, தமிழில் 'முதற்குடிகள்' எனலாம். பலர் சறுக்குவது இங்கேதான், எல்லாரையும் சேர்த்து முதற்குடிகள் என்று எழுதிவிடுகிறார்கள். இனுயிட்டும் மேட்டியும் அதற்குள் வரமாட்டார்கள். மேட்டி என்பவர்கள் ஐரோப்பியரும் பூர்வகுடியினரும் கலந்த வம்சத்தில் தனி மொழி, தனிப் பண்பாடு என்று உருவான ஒரு மக்கள், கலப்பு வம்சத்தவர் எல்லாருக்குமான பெயர் அல்ல. (எழுத்தில் கடைசியில் ஓர் எஸ் இருக்கும், பேசும்போது பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். 'மெட்டி' என்று எழுதினால் கால்விரலுக்குப் போய்விடும், அதனால்தான் நெடில்.)

'இந்தியர்' என்ற சொல் ஒரேயடியாகச் செத்துவிடவும் இல்லை. 1876இல் வந்த 'இந்தியர் சட்டம்' கனடாவில் இன்னும் அதே பெயரில்தான் இருக்கிறது, சட்டத்தைக் குறிப்பிடும்போது பெயரைத் திருத்தாதீர்கள். அமெரிக்காவில் 'அமெரிக்கன் இந்தியன்' என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள் நிறையப் பேர், 1968இல் தொடங்கிய அவர்களுடைய உரிமை இயக்கத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. ஒருவர் தன்னை அப்படிச் சொன்னால் நாம் போய்ப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதேபோல நவஹோ மக்கள் தங்கள் மொழியில் தங்களை 'டினே' என்பார்கள், ஆனால் அவர்களுடைய அரசின் பெயர் இன்னும் 'நவஹோ நேஷன்'தான். இரண்டும் புழங்குகிறது, முதல் தடவை இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் வாசகருக்கும் குழப்பமில்லை.

எஸ்கிமோ இருந்த இடத்திலெல்லாம் இனுயிட் என்று மாற்றிப்போட்டாலும் வேலை முடியாது. அலாஸ்காவிலும் சைபீரியாவிலும் வாழும் யூப்பிக் மக்கள் இனுயிட் அல்ல. அப்புறம், 'இனுயிட்' என்பதே பன்மை, ஒருவர் என்றால் 'இனுக்'. ஆகவே 'இனுயிட்கள்' என்று இன்னொரு 'கள்' வேண்டாம், 'இனுயிட் மக்கள்' போதும்.

மற்ற இடங்களில் வேலை சுலபம். வட ஐரோப்பாவில் 'லாப்' வேண்டாம், 'சாமி' என்று எழுதுங்கள் (தமிழில் படிக்கும்போது கோயில் ஞாபகம் வரும்தான், 'சாமி மக்கள்' என்றால் சரியாகிவிடும்). ஆஸ்திரேலியாவில் 'அபாரிஜின்' பழையது, 'அபாரிஜினல் மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்கள்' என்று இரண்டு தரப்பையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இருவரும் வேறு வேறு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில்தான் சிக்கல்: 'புஷ்மென்' இழிவு என்று 'சான்' வந்தது, ஆனால் 'சான்' என்பதும் பக்கத்து மக்கள் வைத்த பெயர், சிலர் பழையதே பரவாயில்லை என்கிறார்கள். அங்கே 'ஜுஹோவான்சி' போல அந்தந்தக் குழுவின் பெயருக்குப் போவதே நல்லது.

பெயர் சரியாக இருந்தும் வாக்கியம் கவிழ்த்துவிடலாம். 'கனடாவின் பூர்வகுடிகள்' என்றால் கனடா அவர்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிடும், 'கனடாவில் வாழும்' என்றால் அந்தச் சங்கடம் இல்லை. 'இந்த நதிக்கரையில் வாழ்ந்தார்கள்' என்று இறந்தகாலத்தில் எழுதும் முன், இன்றும் அங்கே வாழ்கிறார்களா என்று பாருங்கள், பெரும்பாலும் வாழ்கிறார்கள். ஒருமை பன்மைகூட அரசியல்தான்: ஐ.நா.வில் 'மக்கள்' என்பதன் ஆங்கிலச் சொல்லில் ஓர் எஸ் சேர்ப்பதற்கே வருடக்கணக்கில் சண்டை நடந்தது, தனித்தனி மக்களினங்கள் என்று ஒப்புக்கொண்டால் சுயநிர்ணய உரிமை பின்னாலேயே வரும் என்று அரசுகளுக்குப் பயம். பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றி ஐ.நா. 2007இல் ஏற்ற பிரகடனத்தின் தலைப்பில் அந்த எஸ் இருக்கிறது. அதனால் அதைத் தமிழில் சொல்லும்போது 'பூர்வகுடி மக்களினங்கள்' என்று பன்மையிலேயே எழுதுங்கள்.