செவ்வாய்க்கிழமை அறையும் வேறு சில பொய்க் கணக்குகளும்

யாழ்ப்பாணத்தில் நான் வேலை பார்த்த ஒரு ஒபிஸில், மேல்மாடி மீற்றிங் அறையைச் செவ்வாய்க்கிழமை காலைகளில் யாரோ பிடித்து வைத்திருப்பதாகவே காலண்டர் காட்டும். இடம் காணாது, இன்னொரு அறை தடுக்க வேண்டும் என்று கதை எழும்பி, பலகைத் தடுப்பு அடிக்கிறவர் வந்து அளவும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு ஒருநாள் யாரோ சார்ஜர் தேடி மேலே போய்க் கதவைத் திறந்தால், உள்ளே ஒருவரும் இல்லை, கதிரைகளில் தூசி. வாராவாரம் தானாகப் பதிவாகும்படி அந்த அறையைப் போட்டு வைத்தவர் கனடாவுக்குப் போய் ஒரு வருசம் ஆகியிருந்தது.

ஒபிஸ் இடம் உண்மையில் எவ்வளவு பாவிக்கப்படுகிறது என்று அளக்க வெளிக்கிடுகிற எல்லாரும் முதலில் விழுகிற குழி இதுதான். முன்பதிவு என்பது எண்ணம் மட்டும். ஆள் வந்தாரா என்பது வேறு கதை. குறித்த நேரத்துக்குள் யாரும் செக்-இன் செய்யாவிட்டால், அதாவது ‘வந்துவிட்டேன்’ என்று பதியாவிட்டால், அறையை விடுவித்துவிடும் வசதி பல மென்பொருள்களில் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டு வைக்கிறவர்கள் குறைவு.

சரி, காலண்டர் வேண்டாம், சென்சர் பூட்டுவோம் என்றால் அதுவும் முழு உண்மை பேசாது. மலிவான அசைவுச் சென்சர் உடம்புச் சூடு நகர்வதைத்தான் பிடிக்கும். அசையாமல் இருந்து நீளமான ஆவணம் வாசிக்கிற ஆள் அதன் கணக்கில் இல்லாத ஆள், சித்திரை வெக்கையில் ஏசி இல்லாத அறையின் சூடு உடம்புச் சூட்டுக்குக் கிட்ட வரும்போது அது இன்னும் தடுமாறும். வைஃபையை வைத்து எண்ணினால் போனும் லப்டொப்பும் கொண்டுவந்த ஒருவர் இரண்டு பேர் ஆகிவிடுவார். 2014இல் வந்த ஐஓஎஸ் 8, 2017இல் வந்த ஆண்ட்ராய்ட் 8 தொடக்கம் போன்கள் நெட்வொர்க் தேடும்போது தங்களுக்கென்று உள்ள உண்மையான வைஃபை முகவரியை மறைத்து மாற்று முகவரி காட்டுவதால், நெட்வொர்க்கில் இணையாமல் சும்மா தேடுகிற போன்களை எண்ணினால் ஒரே போன் பல போன்களாகத் தெரியும். கரண்ட் போய் ரவுட்டர் நின்றால் டாஷ்போர்டில் ஒபிஸே காலி. வாசலில் விரல் வைக்கிற மெசின்? காலையில் விரலை வைத்துவிட்டுப் பெரியகடைப் பக்கம் போய்வருகிறவரை அது கேள்வி கேட்காது. ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவை எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் விசயம் இருக்கும்.

சராசரியைப் பார்த்து முடிவெடுப்பது எனக்கு அதிகம் கோபம் வருகிற தவறு. வாரச் சராசரியில் பாதி மேசை காலி என்று மேசையைக் குறைத்துவிட்டு, எல்லாரும் வருகிற திங்கட்கிழமை ஆக்கள் படிக்கட்டில் இருந்து வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். உச்ச நேரத்தைப் பாருங்கள், மணித்தியாலக் கணக்கில் பாருங்கள். எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நல்லூர்த் திருவிழா 25 நாள், தேருக்கும் தீர்த்தத்துக்கும் பாதி ஒபிஸ் லீவு. அந்த மாத எண்ணை வைத்து அடுத்த வருசத்துக்கு இடம் திட்டமிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மாதா மாதம் பௌர்ணமிக்குப் போயா லீவு வேறு.

அறை நிறைவதும் கதிரை நிறைவதும் ஒன்றில்லை. எட்டுப் பேர் அறையில் இரண்டு பேர் இருந்தாலும் சென்சருக்கு அது பாவனையில் உள்ள அறைதான். அந்த இருவரும் ஏன் அங்கே போனார்கள்? ஏசி அங்கே மட்டும்தான் வேலை செய்கிறது என்பதால் இருக்கலாம், கொழும்போடு சத்தமில்லாமல் ஸூம் பேசுவதற்காகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால் தேவை பெரிய அறை இல்லை, கதவு பூட்டுகிற சின்ன மூலை.

நேரில் நடக்கிற கூட்டங்களை, ஒபிஸ் வேலையைக் கணக்கெடுக்கும் மென்பொருள்கள் இன்னும் மங்கலாகத்தான் காண்கின்றன. மைக்ரோசொஃப்ட்டின் வேர்க்பிளேஸ் அனலிட்டிக்ஸ், இப்போது விவா இன்சைட்ஸ், பெரும்பாலும் மின்னஞ்சல், காலண்டர், டீம்ஸ் ஆகியவற்றிலிருந்துதான் கணக்கெடுக்கிறது. கேற்றடியில் தேத்தண்ணிக் கோப்பையோடு இருபது நிமிசத்தில் தீர்ந்த பிரச்சினை அதில் வராது. வராததால் ‘இந்த இரண்டு குழுவும் பேசிக்கொள்வதே இல்லை’ என்று ஒரு மேலாளர் முடிவுகட்டி, வாரம் ஒரு கட்டாயக் கூட்டம் போட்டார். தேத்தண்ணிப் பேச்சு நின்றதுதான் மிச்சம்.

ஆளைத் தனித்தனியாகக் கண்காணிக்கும் ஆசை வந்தால் உடனே அடக்குங்கள். 2016 ஜனவரியில் லண்டனில் டெய்லி டெலிகிராப் பத்திரிகை மேசைகளுக்குக் கீழே சென்சர் பூட்டி, பத்திரிகையாளர்கள் கொதித்தெழ, அன்றைக்கே கழற்றியது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எங்கள் ஊர் ஒபிஸ்கள் சின்னவை. மூன்று பேர் உள்ள குழுவின் எண்ணைப் பெயரில்லாமல் போட்டாலும் யார் பிந்தி வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். எதை அளக்கிறீர்கள், எதற்கு, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்பதைச் சென்சர் பூட்டுவதற்கு முன்னமே சொல்லுங்கள்.

சென்சருக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒரு கொப்பியோடு நாளுக்கு மூன்று தடவை, இரண்டு கிழமைக்கு ஒபிஸைச் சுற்றி நடந்து எந்தக் கதிரையில் ஆள் இருக்கிறது என்று புள்ளடி போடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மேல்மாடி அறை வெறுமை, கீழே ஜன்னலோர மூலையில் மட்டும் எந்த நேரமும் நாலு பேர். போய்ப் பார்த்தால் அந்த ஒரு மூலையில்தான் ஃபான் ஒழுங்காகச் சுற்றியது.