வீல் போல்ட் மரை போய்விட்டதா? ஹப்பைக் காப்பாற்றும் வழி

டயர் மாற்றும்போது ஒரு போல்ட் மட்டும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அல்லது இரண்டு சுற்று ஏறியதும் அசைய மாட்டேன் என்று நிற்கிறது. எப்படி இருந்தாலும் மரை அடி வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிமிடமே கையை எடுத்துவிடுங்கள். ‘இன்னும் ஒரு முறுக்கு, ஏறிவிடும்’ என்று ஏர் கன்னை வைத்து அழுத்தினால், ஒரு போல்ட் விலையில் முடிய வேண்டிய வேலை ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டப்படும் நடு இரும்பை, மாற்றும் வேலையாகிவிடும்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா கார்களில் பெரும்பாலும் ஹப்பிலிருந்து ஸ்டட் (மரை வெட்டிய கம்பி) நீட்டிக்கொண்டிருக்கும், அதில் நட் மாட்டுவோம். மரை போனால் அந்த ஒரு ஸ்டட்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியது போடலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி, பிஎம்டபிள்யூ கார்களில் ஸ்டட் கிடையாது. ஹப்பிலேயே மரை வெட்டியிருக்கும், போல்ட் நேராக அதில் ஏறும். இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் ஊரில் நிறைய ஓடும் போலோவையே எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 5 போல்ட். அளவு எம் 14 × 1.5. அதாவது போல்ட்டின் விட்டம் 14 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.5 மி.மீ. தலைக்கு 17 சாக்கெட். இறுக்க வேண்டிய அளவு 120 நியூட்டன் மீட்டர். வேறு காராக இருந்தால் இந்த எண்களை உங்கள் கார் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. போல்ட்டில் 1.25 மரையும் உண்டு, 1.5 மரையும் உண்டு. மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று ஒழுங்காகத்தான் ஏறும், அதற்குப் பிறகு இரண்டையும் கெடுத்துவிடும்.

காரைத் தூக்குவதற்கு முன்

சமதளம், ஹேண்ட்பிரேக், எதிர்ப்பக்க டயருக்கு முன்னும் பின்னும் கட்டை. டயர் தரையில் இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி போடுங்கள். தூக்கிய பிறகு, காரைத் தாங்கி நிற்கும் ஆக்ஸில் ஸ்டாண்ட் கட்டாயம். ஹப்பில் குனிந்து வேலை செய்யும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.

சிக்கிய போல்ட்டை எடுப்பது

தலை மழுங்கியிருந்தால் பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஆறு முனை சாக்கெட்டைப் போடுங்கள். அதுவும் வழுக்கினால், மழுங்கிய தலைக்கென்றே உள்ளே சுருள் பல் வைத்த எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் கிடைக்கிறது. சுத்தியால் தட்டி ஏற்றி, நீளக் கைப்பிடியால் மெதுவாகத் திருப்புங்கள்.

தலை நன்றாக இருந்தும் போல்ட் வெளியே வராமல் சும்மா சுற்றினால், ஹப்பின் மரை சிதைந்துவிட்டது என்று பொருள். மற்ற போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தை உங்கள் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டே அந்த போல்ட்டை இடப்பக்கம் திருப்புங்கள். பின்னாலிருந்து ஒரு அழுத்தம் கிடைத்தால், மிச்சமிருக்கும் மரையைப் பற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

போனது போல்ட்டா, ஹப்பா?

இங்கே அவசரப்படாதீர்கள். கழற்றிய போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மரையின் முகடுகள் தட்டையாகியிருக்கிறதா, பள்ளத்தில் பளபளவென்று கம்பிச் சுருள் மாதிரி இரும்பு ஒட்டியிருக்கிறதா? அந்தச் சுருள் பெரும்பாலும் ஹப்பின் மரை. போல்ட்டின் இரும்பு பொதுவாகக் கடினமானது, அதனால் வெட்டுப்படுவது பெரும்பாலும் ஹப்தான். பழுதான போல்ட்டை ‘இதில் ஏறுகிறதா பார்ப்போம்’ என்று பக்கத்து ஓட்டையில் போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள். நல்ல ஓட்டையும் போய்விடும்.

சோதனையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். வேறொரு ஓட்டையில் இருந்த நல்ல போல்ட்டைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, சந்தேகப்படும் ஓட்டையில் விரலால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். தடையில்லாமல் கடைசி வரை ஏறினால், ஆட்டினாலும் ஆடாமல் இருந்தால், ஹப் தப்பித்தது. புதிய போல்ட் போதும். தொடக்கத்தில் மட்டும் முரண்டு பிடித்தால் மரையைச் சீர்செய்ய முயலலாம். உள்ளே போன பிறகும் லொடலொடவென்று ஆடினால் அந்த ஹப்பை நம்ப முடியாது.

மரையைச் சீர்செய்வது

கடையில் டேப் கேட்டால் புது மரை வெட்டும் டேப்பைத்தான் கொடுப்பார்கள். இருக்கும் மரையை நிமிர்த்துவதற்கு த்ரெட் சேஸர் இன்னும் நல்லது. டேப் இரும்பைச் செதுக்கும், சேஸர் மடங்கிய மரையை அதன் பாதைக்குத் தள்ளும். செதுக்கிய இரும்பு திரும்பி வராது என்பதால் முதலில் சேஸரைத்தான் முயல வேண்டும்.

சேஸர் கிடைக்கவில்லையென்றால் அதே அளவில் மரை நன்றாக உள்ள பழைய போல்ட் ஒன்றை எடுத்து, மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் நீளவாக்கில் மூன்று நான்கு கோடு வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தில் இருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். அழுக்கும் இரும்புத்தூளும் அந்தக் கோடுகளில் போய்ச் சேரும்.

ஓட்டையை பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, சேஸரில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிரேக் டிஸ்க்கின் முகத்தில் எண்ணெய் படக் கூடாது, துணி போட்டு மூடிக்கொள்ளுங்கள். டிஸ்க் ஆடினால் வேறொரு ஓட்டையில் ஒரு போல்ட்டைப் போட்டுப் பிடித்து வையுங்கள்.

இனி கவனம் எல்லாம் கோணத்தில். சேஸர் ஹப் முகத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மேலிருந்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை பாருங்கள். விரலால் முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். மரையின் தொடக்கம் வரும்போது ‘டொக்’ என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பழைய பாதையிலேயே போகும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இறுகினால் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

முன்பக்க மரைகள் மட்டும் நசுங்கியிருந்து, ஹப்பின் பின்னால் கை போகிற இடம் இருந்தால், பின்னாலிருந்து ஏற்றுங்கள். அங்கே மரை அடிபடாமல் இருப்பதால் நேரான பாதை தானாகவே கிடைக்கும். எனக்குக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் நம்பகமான வழி.

முடிந்ததும் எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள். 120 என்பது உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவு. எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே 120-ல் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.

எப்போது ஹப்பையே மாற்ற வேண்டும்

ஓட்டையில் விரிசல் தெரிந்தால், ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால், இரண்டு ஓட்டைகளுக்கு மேல் மரை போயிருந்தால், சீர்செய்த பிறகும் டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுக்கு இறுகியதும் ‘கிளிக்’ என்று சொல்லும் ரெஞ்ச்) ‘கிளிக்’ சொல்லாமல் போய்க்கொண்டே இருந்தால் ஹப்பை மாற்றிவிடுங்கள். பெரிதாகத் துளைத்து உள்ளே புது மரை உறை வைக்கும் முறையும் உண்டு. கெட்டியான எஃகு உறையை நல்ல லேத் பட்டறையில் நேராக வைத்தால் தாங்கும். ஆனால் சக்கரம் என்பதால் நான் புது ஹப்பைத்தான் சொல்வேன். பின்னால் நட்டை வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தச் சூட்டில் ஹப்பும் பேரிங்கும் கெடும்.

முன் ஹப்பை மாற்றுவது தொடக்கநிலையில் இருப்பவருக்கான வேலை இல்லை. நடுவில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டைப் பிடித்திருக்கும் டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். அது இறுகாத நிலையில் காரின் எடை சக்கரத்தில் இறங்கினால் பேரிங் கெட்டுவிடும். பட்டறைக்கு விடுங்கள், அதுவும் இழுவை வண்டியில். ஒரு போல்ட் குறைவாக ஓட்டிப் போகாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது

போலோவின் போல்ட் தலைக்கு அடியில், சக்கரத்தில் பதிந்து உட்காரும் பகுதி உருண்டை வடிவத்தில் இருக்கும். வெளியில் வாங்கிய அலாய் வீல்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம்தான். இரண்டும் பொருந்தாவிட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், ஓட ஓடத் தளரும். நீளமும் முக்கியம். எம் 14 × 1.5 போல்ட் குறைந்தது ஏழரைச் சுற்றாவது ஏறியிருக்க வேண்டும், ஸ்பேசர் (சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பாருங்கள்.

ஐந்து போல்ட்டையும் விரலால் ஏற்றுங்கள். நான்கைந்து சுற்றாவது விரலுக்கே வர வேண்டும், வரவில்லையென்றால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி ஏற்றுங்கள். டயர் கடையிலும் இதைக் கேட்டு வாங்குங்கள்: “அண்ணா, முதல்ல கையால ஏத்திடுங்க, அப்புறம் கன் போடுங்க.” பிறகு நட்சத்திர வரிசையில், ஒன்றை விட்டு ஒன்றாக இறுக்கி, டயர் தரையில் இறங்கிய பின் 120-க்கு முடியுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்ச்சை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். சீர்செய்த ஓட்டையில் இருக்கும் போல்ட் மட்டும் அப்போது திரும்பினால், அந்த மரை பிடிக்கவில்லை, ஹப்பை மாற்றச் சொல்லிவிடுங்கள்.