கேத்தியில் இருந்துகொண்டு கடல் அறிக்கை படிப்பது

நீலகிரியில் மழை எப்போது வரும் என்று யாராவது கேட்டால், உங்கள் தோட்டம் எந்தச் சரிவில் இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் அரபிக்கடல் காற்றுக்கு நெஞ்சைக் காட்டி நிற்பவை. குன்னூர், கோத்தகிரி, எங்கள் கேத்திப் பள்ளத்தாக்கு ஆகியவற்றுக்குப் பெருமழை வங்கக்கடல் பக்கமிருந்து வரும். மாவட்டம் ஒன்று, கடல் இரண்டு. ‘நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை’ என்று செய்தியில் சொல்லும்போது அந்த ‘ஓரிரு இடம்’ எந்தப் பக்கம் என்பதை, கடலில் தாழ்வு எங்கே உருவாகிறது என்று சொல்லும் வானிலை அறிக்கையை, அதாவது கடல் அறிக்கையைப் பார்த்தால்தான் ஊகிக்க முடியும். பாலாடாவில் கேரட்டும் பீட்ரூட்டும் போடும் நான் அதை எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

மனத்தில் பதிய வேண்டியது ஒரே ஒரு விதி. பூமத்திய ரேகைக்கு வடக்கே, காற்றழுத்தத் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழலும். தாழ்வு குமரிக்கடலிலோ லட்சத்தீவுப் பக்கமோ இருந்தால், நாம் அதற்கு வடக்கே இருக்கிறோம். நம் மேல் கிழக்குக் காற்று அடிக்கும். அந்தக் காற்று ஈரத்தோடு வந்து குன்னூர், கோத்தகிரிச் சரிவில் முட்டி ஏறும். 2009 நவம்பர் 10-ஐ எங்கள் ஊரில் மறக்க முடியாது. ஒரே நாளில் கேத்தியில் 82 செ.மீ. மழை, மலை சரிந்து மாவட்டத்தில் எத்தனையோ உயிர்கள் போயின. அப்போது தாழ்வு இருந்த இடம் நமக்குப் பக்கத்து வங்கக்கடல் அல்ல. குமரிக்கடல் பக்கம் தோன்றி அரபிக்கடலுக்குள் போய், பியான் புயலாக 11-ஆம் தேதி மகாராஷ்டிரக் கரையைக் கடந்தது அது. புயல் நம்மை விட்டு விலகிப் போகிறது என்று வரைபடம் காட்டிய நேரத்தில்தான் இங்கே கொட்டியது. அதனால் புயலின் மையம் எங்கே போகிறது என்பதோடு நிறுத்தாமல், நம் மேல் எந்தத் திசைக் காற்றை அது இழுக்கிறது என்றும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறு 2019 ஆகஸ்ட். தாழ்வு மண்டலம் ஒடிசா கரையோரம், நம்மிலிருந்து ஆயிரம் கி.மீ.க்கு மேல் தள்ளி. ஆனால் அதன் தெற்குப் பக்கம் அடிப்பது மேற்குக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வேகம் பிடித்து, அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வடக்கு வங்கக்கடலில் தாழ்வு என்று கேட்டால், மேற்குச் சரிவுக்காரர்கள் அது தங்களுக்கான செய்தி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி எதைத் திறப்பது? வட இந்தியப் பெருங்கடலுக்கான புயல் எச்சரிக்கை மையம் டெல்லியில், இந்திய வானிலை ஆய்வுத் துறையில் இருக்கிறது. வங்கக்கடல், அரபிக்கடல் இரண்டுக்கும் தினமும் ஓர் அறிக்கை வெளியிடுகிறார்கள். அடுத்த ஏழு நாட்களில் தாழ்வு மண்டலம் உருவாக வாய்ப்பு இல்லையா, குறைவா, மிதமா, அதிகமா என்று அதில் இருக்கும். ஆங்கிலம்தான், ஆனால் திரும்பத் திரும்ப அதே சொற்கள். சில வாரம் படித்தால் பழகிவிடும். நேரம் யு.டி.சி. என்கிற உலகப் பொது நேரக் கணக்கில் போட்டிருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தமிழிலேயே தரும் அறிக்கையின் அடியில் மீனவர்களுக்கான எச்சரிக்கை இருக்கும். மலையில் இருக்கிறவர்கள் அதைத் தாண்டிவிடுகிறார்கள். நான் முதலில் படிப்பதே அதைத்தான். குமரிக்கடல், மன்னார் வளைகுடா, லட்சத்தீவுப் பகுதி என்று வரிசையாகச் சூறாவளிக் காற்று எச்சரிக்கை வந்தால், எங்கள் சரிவுக்கு வேலை இருக்கிறது.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்கிற படிகள் காற்றின் வேகத்தை வைத்து வகுத்தவை. மணிக்கு 31 கி.மீ. தொட்டால் தாழ்வு மண்டலம், 50 தொட்டால் ஆழ்ந்தது, 62 தொட்டால் புயல். மழை அளவுக்கும் இந்தப் பெயர்களுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. 2024-இல் பெஞ்சல் புயல் கரையேறி வலுவிழந்த பிறகுதான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ‘வலுவிழந்தது’ என்ற செய்தியைக் கேட்டவுடன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்காதீர்கள். கரை கடக்கும் இடம் தெற்கே இறங்கினால் கதை வேறு: 2018 நவம்பர் 16 அன்று கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே ஏறி நேர் மேற்கே வந்தபோது, அடி வாங்கியது கொடைக்கானல் மலை.

செல்போனில் காற்றுப் படம் காட்டும் செயலிகளில் எல்லாரும் தரைமட்டக் காற்றைப் பார்க்கிறார்கள். நம் மலைக்கு அது உதவாது. உயரத்தை மாற்றும் வசதி இருக்கும். அதில் உயரத்தைக் காற்றழுத்த அளவான ஹெக்டோபாஸ்கலில் (hPa) குறித்திருக்கும், 800 வையுங்கள். அது ஏறக்குறைய 2,000 மீட்டர், குன்னூருக்குச் சற்று மேலே, ஊட்டிக்குச் சற்றுக் கீழே. கடலில் இருந்து ஈரம் சுமந்து வரும் காற்று நம் மலையில் மோதுவது அந்த உயரத்தில்தான். அந்தப் படத்தில் காற்றுக்கோடு வங்கக்கடலில் இருந்து நேராக நம்மை நோக்கி இரண்டு நாள் விடாமல் வந்தால் நான் கவனமாகிவிடுவேன். வெளியே நின்று சரிபார்க்க நினைத்தால், பள்ளத்தாக்குக் காற்றை நம்பாதீர்கள். அது பள்ளம் போகிற வழியில் திரும்பும். தொட்டபெட்டாப் பக்கம் முகட்டைத் தாண்டும் மேகம் எந்தப் பக்கமாக நகர்கிறது என்று பாருங்கள். அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வு உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும்.

இன்சாட் செயற்கைக்கோள் படமும் பார்க்கலாம். அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்ற வெள்ளை என்றால் உயர எழும்பிய குளிர்ந்த மேகம். நம் மூடுபனியும் தாழ்ந்த மேகமும் அதில் மங்கிய சாம்பலாகத்தான் இருக்கும், படம் வெறிச்சென்று தெரிவதால் தூறல் இராது என்று எண்ண வேண்டாம்.

மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. கனமழை என்றால் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை 12 முதல் 20, அதி கனமழை 21-க்கு மேல். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் என் கணக்கு, செயலி எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு மாவட்ட நிர்வாகம் சொல்வதைக் கேட்பேன். மண் இளகிய சரிவுக்குக் கீழே படுப்பவர்கள் அன்றே இடம் மாற வேண்டும்.

அதற்கு முந்தைய நிலையில், டெல்லி அறிக்கை ‘மிதம்’ என்று சொல்லத் தொடங்கும்போதே விளைந்த கேரட்டைப் பிடுங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றிவிடுவது என் வழக்கம். ‘அதிகம்’ என்று வரும்வரை காத்திருந்தால் ஆளும் கிடைக்காது, லாரியும் கிடைக்காது. பர்லியாறு மலைப்பாதையில் மண் சரிந்தால் ஏற்றிய மூட்டை வழியிலேயே நிற்கும். அந்த வாரம் உரம் போடுவதில்லை, அத்தனையும் ஓடையில்தான் போகும். உருளைக்கிழங்குக்குக் கருகல் மருந்து மட்டும் மழைக்கு முன் காய்ந்த நாளாகப் பார்த்து அடிப்பேன். பாத்திகளின் மேல்பக்க வாய்க்காலைத் திறந்து, தண்ணீர் பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பில் பாயாமல் ஓடைக்குத் திருப்பிவிடுவது எல்லாவற்றுக்கும் முதல் வேலை.

டிசம்பரில் தாழ்வு ஆந்திரா பக்கம் ஏறிப் போனால் நமக்கு வருவது பெரும்பாலும் வடக்கிலிருந்து காய்ந்த காற்று. வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய இரவாக அமைந்தால் பள்ளத்தில் உறைபனி விழும். அப்போது தேயிலை நாற்றை மூட வேண்டிய பெரணித் தழையை மாலைக்குள் அறுத்து வைத்துவிடுங்கள்.