ஹாஸ்டலில் பொங்கல் வைக்கிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் படித்த முதல் வருஷம், அறைக்கதவைத் தாழிட்டுவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் ஒரு குட்டிப் பித்தளைப் பானையை வைத்தேன். பீப் பீப் என்று கத்திவிட்டு அடுப்பு அணைந்தது. காந்தம் ஒட்டாத பாத்திரம் எதையும் அது சட்டை செய்யாது. பித்தளை, மண்பானை இரண்டுமே ஆகாது. பக்கத்து அறையில் காந்தம் ஒட்டுகிற சட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அடுப்பு ஒத்துக்கொண்டது, வயரிங் ஒத்துக்கொள்ளவில்லை. 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அறையில் இருந்த சின்ன பிளக்கோ 6 ஆம்பியருக்கானது. பெரிய பின்னைச் செருகக் கன்வெர்ட்டர் வேறு வாங்கி வைத்திருந்தேன், புத்திசாலி! மாடி முழுக்க கரண்ட் போனது. டார்ச்சோடு வார்டன் வந்தார்.

ஆக, ஒளித்து வைக்காதீர்கள். மெஸ்ஸில் கேளுங்கள். பாலக்காட்டு எல்லையில் மெஸ் சேச்சிகள் பலருக்குத் தமிழ் நன்றாகவே வரும். அடுத்த வருஷம் இரண்டு நாள் முன்னாலேயே போய், "சேச்சி, ஒரு அடுப்பு அரை மணி நேரம் தருவீங்களா?" என்றேன். "அஞ்சரைக்குள்ள வந்தா எடுத்துக்கோ. ஆறு மணிக்கு எனக்கு புட்டு வைக்கணும்." அவ்வளவுதான் விஷயம். வார்டனிடம் சொல்லும்போது மட்டும் "தைப்பொங்கல்" என்று முழுசாகச் சொல்லுங்கள். எங்கள் வார்டன் திருவனந்தபுரத்துக்காரர். அந்த ஊர் ஆற்றுகால் பகவதி கோயிலில் பெண்கள் வைக்கும் பொங்காலை என்று நினைத்துக்கொண்டு, "அது கும்ப மாசமல்லே?" என்றார். கும்பம் என்றால் நம் மாசி.

லீவை நம்பி டிக்கெட் போடுவது அடுத்த தவறு. கேரளத்தில் தைப்பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை ஆறு மாவட்டங்களுக்குத்தான்: திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு. திருச்சூரிலோ எர்ணாகுளத்திலோ படித்தால் அன்றும் கிளாஸ் இருக்கும். மகரவிளக்கும் அதை ஒட்டியே வருவதால் பஸ், ரயில் எல்லாம் மாலை போட்ட சாமிகள் கூட்டம்.

கடைக்குப் போனால் வார்த்தையில் கவனம். எல்லையோரக் கடையில் பிரச்சினை இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளிப் போய் "வெல்லம்" கேட்டால் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள், மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். வெல்லத்துக்கு அங்கே பெயர் "சர்க்கர". நம் சீனி "பஞ்சசார". மறையூர்க்காரப் பையன் எவனாவது ஹாஸ்டலில் இருந்தால் கடைக்கே போக வேண்டாம், ஊரிலிருந்து நாலு உருண்டை கொண்டுவரச் சொல்லுங்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம் அது. கையால் உருட்டிய விரல்தடம்கூட மேலே தெரியும். அரிசி "பச்சரி" என்று கேட்டு வாங்குங்கள். மெஸ்ஸில் இருக்கும் மட்டை அரிசி புழுங்கல், எவ்வளவு வெந்தாலும் பொங்கலுக்கு வேண்டிய குழைவு வராது.

அரிசி குழைவதற்குள் வெல்லத்தைப் போட்டுவிடாதீர்கள். அதற்கப்புறம் விடிய விடிய எரித்தாலும் அரிசி விறைத்தே கிடக்கும். ஒரு டம்ளர் பச்சரிசிக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு, எட்டுப் பேருக்கு ஆளுக்கு ஒரு கரண்டி வரும். பெரிய பானையாக எடுத்தால் பால் வாய்வரை வராது. பொங்காமலே பொங்கல் வைத்தவன் என்று பெயர் வாங்குவீர்கள்.

மலையாளி நண்பர்கள் "தமிழ் ஓணமா?" என்று கேட்டால் முறைக்காதீர்கள். கரும்பை வெட்டிக் கையில் கொடுங்கள். சக்கையை மட்டும் அன்றைக்கே வெளியே போட்டுவிடுங்கள், மறுநாள் மெத்தையெல்லாம் எறும்பு.

கடைசியாக, காலையில் வீட்டுக்கு வீடியோ கால் போடாதீர்கள். அம்மா அடுப்பைப் பார்ப்பாரா, உங்கள் முகத்தைப் பார்ப்பாரா? மத்தியானம் கூப்பிடுங்கள். நான் கூப்பிட்டபோது அம்மா முதலில் கேட்டது, "பால் எந்தப் பக்கம்டா வழிஞ்சுது?" பர்னர் பக்கம் என்றேன். "அது கிழக்கா, வடக்கா?" போனைப் பிடித்துக்கொண்டே மெஸ்ஸுக்கு ஓடினேன், சேச்சியிடம் கிழக்கு எது என்று கேட்க.