கஞ்சியில் கோழி இருந்தால் முதலே சொல்லுங்கள்

இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் குறிஞ்சிக்குமரன் கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் உண்டு. ஆனால் அவரவர் தத்தம் இடத்துக்குப் போய் வருவதோடு சரி. நாலு சமய மாணவர்களையும் சேர்த்து உட்கார வைக்க நினைத்தால், முதலில் கலண்டரை எடுங்கள். 2026 பெப்ரவரியில் 15 சிவராத்திரி, 18 கத்தோலிக்கரின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன், அதையொட்டியே ரமழான். அந்த வாரம் மதியச் சாப்பாட்டோடு கூட்டம் வைத்தால் பாதிப் பேர் பட்டினிதான்.

நான் முதலில் ஒழுங்கு செய்த நோன்பு திறப்பில், கஞ்சிக்குள் கோழி இருந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். கத்தோலிக்கர் இறைச்சி தவிர்க்கும் தவக்கால வெள்ளிக்கிழமை வேறு! சைவத் தம்பியும் கத்தோலிக்கத் தங்கையும் பேரீச்சம்பழத்தோடு எழும்பிவிட்டார்கள். இப்போது மரக்கறிக் கஞ்சிதான். கோழி தனிச் சட்டியில், தனி அகப்பையோடு. சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் தொழுகைக்காக 15 நிமிடம் பேச்சை நிறுத்துங்கள்.

அப்புறம், "உங்கள் சமயம் என்ன சொல்கிறது?" என்று கேட்காதீர்கள்; பிரசங்கம் தொடங்கிவிடும். "பரீட்சைக்கு முதல் நாள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பௌத்த பிக்குகள் ஓதிக் கட்டும் பிரித் நூல் கட்டிய கையைக் காட்டுவார்கள், பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காய்க் கணக்கு வரும். யாராவது வீட்டுத் துக்கத்தைச் சொல்லி அழுதால் சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள். பக்கத்தில் இருங்கள், மறுநாள் மாணவர் ஆலோசகரிடம் கூடவே போங்கள்.